பேரிடர்க் கால மருத்துவப் பணிகளை மதிப்பிடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பேரிடர்க் காலங்களில் நடைபெறும் சுகாதாரப் பணிகளைப் பண்புசார் ஆய்வின் மூலம் மதிப்பிடுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்தப் பகுதியில் பதில் அளிக்கப்படுகிறது. நேர்காணல், குழுக் கலந்துரையாடல், நேரடிக் கவனிப்பு, ஆவணங்களை ஊன்றிப் படித்தல் ஆகியவற்றின் வழியே, மக்கள் எதை எப்படி அனுபவித்தார்கள், ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அறிய முயலும் ஆய்வு முறையையே பண்புசார் ஆய்வு என்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எத்தனை முகாம்கள் நடந்தன, எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்குகளெல்லாம் கையில் இருக்கும்போது, மக்களைப் பேட்டி கண்டு புதிதாக என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?
(பொது சுகாதார மாணவி ஒருவர்)

பதில்: கணக்குகள் இல்லாமல் மதிப்பீடு இல்லை, அதில் ஐயம் வேண்டாம். ஆனால் நீங்கள் பட்டியலிட்ட மூன்றில் முதல் இரண்டும் நாம் என்ன செய்தோம் என்பதை மட்டுமே சொல்கின்றன. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் சுமார் 4,000 டன் மருந்துகள் வந்து குவிந்தன. அனுப்பியவர்களின் அறிக்கைகளில் அது பெரிய சாதனையாகவே தெரிந்திருக்கும். வந்து சேர்ந்த இடத்திலோ, அவற்றில் பெரும்பகுதியின் உறைகளில் இருந்த எழுத்தை உள்ளூர் ஊழியர்களால் படிக்க முடியவில்லை; ஒரு பகுதி காலாவதியாகியிருந்தது; தேவையற்றதைப் பிரித்தெடுக்கவும் அழிக்கவும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

மூன்றாவது கணக்கான இறப்பு எண்ணிக்கை இவற்றைவிட நம்பகமானது. ஆனாலும் அதுவும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தையும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தையும் அடுத்து, மினாமிசோமா நகரின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள் அவசரமாக வேறிடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அங்குள்ள ஐந்து இல்லங்களைச் சேர்ந்த 715 முதியவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, பேரிடருக்கு முன்பு இருந்ததைவிட இறப்பு அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்காக உயர்ந்திருந்தது தெரியவந்தது. கதிர்வீச்சிலிருந்து காப்பதற்காகச் செய்யப்பட்ட இடமாற்றமே பலரின் உயிரைப் பறித்திருக்கிறது என்ற முடிவுக்கு இட்டுச்சென்ற முக்கியமான கணக்கு இது. ஆனால் அதே ஆய்வில் இல்லத்துக்கு இல்லம் அபாயம் 0.77 மடங்கு முதல் 2.88 மடங்கு வரை வேறுபட்டது. பயணத் தொலைவால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. அப்படியானால் எதனால்? எண் இந்த இடத்தில் தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

முதியவர்களை நன்கு அறிந்த பராமரிப்பாளர்கள் உடன் சென்றார்களா, ஒவ்வொருவருக்கும் எப்படி ஊட்ட வேண்டும், எந்த மருந்தை எப்போது தர வேண்டும் என்ற குறிப்புகள் கூடவே போயினவா, போய்ச் சேர்ந்த இடம் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்ததா, புறப்படும் முடிவை எடுத்தவர் யார், அந்த முடிவுக்குக் கிடைத்த அவகாசம் எவ்வளவு என்பனவெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் கட்டம் போட்டு எழுதப்படுவதில்லை. அந்த வண்டிகளில் உடன் சென்றவர்களிடமும் வாசலில் நின்று வரவேற்றவர்களிடமும் கேட்டால்தான் தெரியும். அடுத்த பேரிடரில் நாம் மாற்றிக்கொள்ளக் கூடியவையும் பெரும்பாலும் இவைதாம். நிலநடுக்கத்தின் அளவை நம்மால் மாற்ற முடியாது.

கேள்வி: இருபது பேர் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்தின் மருத்துவப் பணியையே எடைபோடுவது அறிவியல் ஆகுமா? எங்கள் துறையில் இதைக் கதை என்றுதான் சொல்வார்கள்.
(அரசு மருத்துவர் ஒருவர்)

பதில்: இருபது பேரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது கதையாகவும் இருக்கலாம், சான்றாகவும் இருக்கலாம். நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தடுப்பூசி கிடைத்தது என்ற கேள்விக்கு இருபது பேரை வைத்துப் பதில் சொல்ல முயன்றால் உங்கள் துறையினரின் கேலி நியாயமே. அந்தக் கேள்விக்குத் தற்போக்கு முறையில், அதாவது எல்லோருக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல்போல், எடுக்கப்பட்ட பெரிய மாதிரி வேண்டும். தடுப்பூசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒரு பகுதியினர் ஏன் வரவில்லை என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு, வந்தவர், வராதவர், வந்து திரும்பிப் போனவர், பிள்ளைகளை மட்டும் அனுப்பியவர், ஊசி போட்ட செவிலியர், முகாமுக்கு இடம் குறித்த அலுவலர் என்று வெவ்வேறு நிலையில் நின்றவர்களை வேண்டுமென்றே தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே தேடப்படுவது விகிதம் அன்று. வராததற்கு இருக்கக் கூடிய காரணங்கள் எத்தனை வகை, அவை ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதே.

எத்தனை பேர் போதும் என்பதற்கு, புதிய செய்தி வருவது நிற்கும்வரை, அதாவது நிறைநிலையை எட்டும்வரை, என்பதே வழக்கமான விடை. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வரிசையாக ஆராய்ந்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருப்பொருள்கள் வெளிப்பட்டுவிட்டன என்று காட்டியது. அதன்பிறகு 12 என்ற எண்ணை மந்திரம்போல் எழுதும் வழக்கம் பரவிவிட்டது. அந்தப் பெண்கள் ஓரளவு ஒத்த பின்னணி உடையவர்கள், அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றே என்ற நிபந்தனைகளைப் பலரும் படிப்பதில்லை. பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஒரே குழுவாக இருப்பதில்லை. மாற்றுத்திறனாளிகள், கருவுற்றவர்கள், நாள்பட்ட நோயாளிகள், ஆவணமற்ற குடியேறிகள் என்று ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே அந்த நிறைநிலையை எட்ட வேண்டியிருக்கும்.

ஆய்வின் நம்பகத்தை எடைபோடவும் இன்று முறையான கருவிகள் உள்ளன. நேர்காணல், குழுக் கலந்துரையாடல் ஆய்வுகளில் எவற்றையெல்லாம் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று வரையறுக்கும் கோரெக் பட்டியல் 2007இல் வெளியானது. அதில் 32 கூறுகள் உண்டு. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டும்போது, முறையியல் குறைகள், தரவுக்கும் முடிவுக்கும் உள்ள பொருத்தம், தரவின் போதுமை, நாம் கேட்கும் கேள்விக்கு அது எவ்வளவு உரியது என்ற நான்கு அடிப்படைகளில் ஒவ்வொரு முடிவுக்கும் நம்பக நிலை அளிக்கும் முறைக்கு கிரேட்-செர்குவல் என்று பெயர். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு பொது சுகாதார அவசரநிலைகள் பற்றி 2020இல் வெளியிட்ட அறிக்கை, அளவுசார் சான்றுகளுக்கு இணையாகப் பண்புசார் சான்றுகளையும் முறைப்படி திரட்டிச் சேர்த்திருக்கிறது. உங்கள் துறையின் ஐயம் பழையது. அதற்கான விடைகளும் ஓரளவு வந்துவிட்டன.

கேள்வி: நாங்கள் நிவாரண அமைப்பு ஒன்றில் பணிபுரிகிறோம். மதிப்பீட்டுக்காகச் சென்று கேட்டால் எல்லோரும் "எல்லாம் நன்றாக இருந்தது, நன்றி" என்கிறார்கள். உண்மையைப் பெறுவது எப்படி?
(களப்பணியாளர்கள் இருவர்)

பதில்: உதவி தந்த கையே குறிப்பேட்டையும் நீட்டினால் வேறு என்ன சொல்வார்கள்? அடுத்த தவணை உதவி உங்கள் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே முதல் திருத்தம், கேட்பவர் யார் என்பதில் தொடங்க வேண்டும். உதவி வழங்கிய குழுவிலிருந்து தனித்து நிற்கும் ஒருவர், அம்மக்களின் மொழியை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசக்கூடியவர், உங்கள் அமைப்பின் சட்டையோ வண்டியோ இல்லாமல் செல்ல வேண்டும். பணவசதி இல்லாததால் இது இயலாத அமைப்புகள், வேறொரு அமைப்போடு ஆட்களை மாற்றிக்கொண்டு ஒன்றின் பணியை மற்றொன்று மதிப்பிடலாம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், அவர் அந்த ஊரின் தலைவருக்கு உறவினரா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது, கேள்வியின் அமைப்பு. "சேவை எப்படி இருந்தது?" என்பது மரியாதையான பதிலைத் தானே வரவழைக்கும் கேள்வி. அதற்கு மாறாக, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியபோது என்ன நேரம், முதலில் யாரிடம் சொன்னீர்கள், எப்போது வெளியே அழைத்துப் போக முடிவு செய்தீர்கள், வழியில் யார் நிறுத்தினார்கள், போய்ச் சேர்ந்ததும் எங்கே உட்கார்ந்தீர்கள், மருந்தைக் கொடுத்தவர் என்ன சொன்னார், வீட்டுக்கு வந்ததும் அதில் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை. யாரையும் குறை சொல்லாமலே அந்தத் தாய், உங்கள் முகாம் மாலை ஐந்து மணிக்கு மூடப்பட்டதையும், உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குச் சுத்தமான நீர் கிடைக்காததையும் சொல்லி முடித்திருப்பார்.

மூன்றாவது, நீங்கள் யாரிடம் கேட்கவே இல்லை என்பது. முகாமுக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் முகாமைப் பற்றி நல்லதே கேட்பீர்கள். சாலையோரத்தில் இருப்பவர்களையே ஆய்வாளர்கள் சந்திக்கிறார்கள், சாலை நின்றுபோன இடத்துக்கு அப்பால் இருப்பவர்களைச் சந்திப்பதில்லை என்று ஊரக ஆய்வாளர்கள் 1980களிலேயே எச்சரித்தார்கள். பேரிடரில் அந்தச் சாலையே உடைந்திருக்கும். வண்டி போகாத இடத்துக்கு நடந்து போவதற்கான நேரத்தைத் திட்டத்தில் எழுதாத மதிப்பீடு, எழுதிய நாளிலேயே ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. உதவி செய்தவர்கள் யார் என்பதிலும் இதே கவனம் வேண்டும். சுனாமிப் பணிகளைப் பல அமைப்புகள் ஒன்றுகூடி மதிப்பிட்டு 2006இல் வெளியிட்ட அறிக்கை, முதல் நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே என்று பதிவு செய்தது. அமைப்புகளின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நேர்காணலுக்கு ஆள் தேடினால் அவர்கள் ஒருவரும் அகப்படமாட்டார்கள்.

நன்றி சொன்னவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடவும் கூடாது. அந்த நன்றி உண்மையானதாகவே இருக்கலாம். உங்கள் பணியின் தரத்துக்கு அது சான்று ஆகாது, அவ்வளவே.

கேள்வி: தனித்தனி நேர்காணலுக்குப் பதிலாகக் குழுக் கலந்துரையாடல் மட்டும் நடத்தினால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: மிச்சமாகும். பொதுவாக நிலவும் கருத்து என்ன, எதில் சண்டை வருகிறது என்பதை அறிய அது நல்ல வழி. ஆனால் முகாமில் நடந்த பாலியல் துன்புறுத்தலையோ, மனநலச் சிக்கலையோ, ஊர்ப் பெரியவர் நிவாரணத்தைப் பிரித்த விதத்தையோ பத்துப் பேர் நடுவில் எவரும் சொல்லமாட்டார். அவற்றைக் குழுவில் கேட்பது, சொல்பவரை ஆபத்தில் தள்ளுவதும் ஆகும்.

கேள்வி: மக்கள் சொல்வதில் வதந்தியும் கலந்திருக்கும். அதை எப்படிப் பிரிப்பது?

பதில்: பிரிப்பதற்கு முன் பதிவு செய்ய வேண்டும். ஹைட்டியில் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு அக்டோபரில் காலரா வெடித்தபோது, ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்றிலிருந்து வந்த கழிவுநீர் ஆற்றில் கலந்ததாக ஆற்றங்கரை மக்கள் தொடக்கத்திலேயே சொன்னார்கள். அது ஆதாரமற்ற பேச்சாக ஒதுக்கப்பட்டது. களத்துக்குச் சென்று அம்மக்களிடமும் விசாரித்த நோய்ப்பரவல் ஆய்வும், அதன்பின் வந்த மரபணு ஆய்வும் அவர்கள் சுட்டிய திசையையே உறுதிசெய்தன. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கோரினார். சொல்லப்பட்டதை வேறு மூலங்களோடு, அதாவது பதிவேடுகள், ஆய்வகச் சோதனைகள், தொடர்பில்லாத பிறரின் கூற்றுகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது ஆய்வாளரின் கடமை. ஒரு கூற்று பொய் என்று தெரிந்த பிறகும் அது பயனற்றதாகிவிடாது. மக்கள் அதை நம்பியதால் மருத்துவமனையைத் தவிர்த்தார்கள் என்றால், அந்த நம்பிக்கையே மதிப்பீட்டுக்கு உரிய செய்தி.

கேள்வி: உறவினரை இழந்து நிற்பவரிடம் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுவது கொடுமை இல்லையா? சிலர் பேசினால் மனம் ஆறும் என்கிறார்கள்.
(மனநல ஆலோசகர் ஒருவர்)

பதில்: பேசினால் ஆறும் என்பதை நம்பி ஆய்வாளர் இறங்குவதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. பேரதிர்ச்சிக்கு உள்ளானவரை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாகக் கையாளப்பட்டது. அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் மீளாய்வு காட்டிய பிறகு அது கைவிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், நடந்ததைச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. நேர்காணல் சிகிச்சை அன்று. அதைச் சிகிச்சைபோல் காட்டி ஒப்புதல் வாங்குவது ஏமாற்று.

மருத்துவப் பணியை மதிப்பிட வந்தவருக்கு மரணத்தின் விவரம் பெரும்பாலும் தேவைப்படாது. ஆம்புலன்ஸ் எப்போது வந்தது என்பது தேவைப்படும். ஆகவே கேள்விகளைத் தேவையான அளவுக்குச் சுருக்கிக்கொள்வதே முதல் நெறி. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம், பேசாவிட்டாலும் உதவி நிற்காது என்பதை அவர் உண்மையிலேயே நம்பும் வகையில் விளக்க வேண்டும். மேல்உதவி தேவைப்பட்டால் அனுப்பிவைக்க ஓர் இடம் ஆயத்தமாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடமே இல்லாத ஊரில் நேர்காணலைத் தள்ளிப்போடலாம். ஆய்வு நெறிகளைக் கண்காணிக்கும் நெறிக்குழுவின் ஒப்புதல் அவசரநிலையிலும் தேவை. ஆய்வு வரைவுக்கு முன்கூட்டியே அனுமதி பெற்று வைத்திருந்தால் தாமதமும் ஏற்படாது. ஊழியர்களையும் மறக்க வேண்டாம். யாருக்கு முதலில் சிகிச்சை என்று முடிவெடுக்க நேர்ந்த செவிலியரும் பாதிக்கப்பட்டவரே. அவர் பேச்சில் மேலதிகாரியின் பெயர் வந்தால் அவருடைய வேலைக்கும் ஆபத்து உண்டு. சிறிய மருத்துவமனை ஒன்றில் "மூத்த செவிலியர்" என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும்.

கேள்வி: பேட்டி எடுத்து, எழுத்தாக்கி, ஆராய்ந்து அறிக்கை வருவதற்குள் ஓர் ஆண்டு ஓடிவிடும். பணி முடிந்த பின் வரும் அறிக்கையால் யாருக்குப் பயன்?

பதில்: விரைவாகச் செய்ய வழி உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் 28,600க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 11,300க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட எபோலா பரவலின்போது, புதிய தொற்றுகளில் குறைந்தது 20 விழுக்காடு இறந்தோரை அடக்கம் செய்கையில் நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. கணக்கு சரியானதே. அதன் அடிப்படையில், கவசம் அணிந்த குழுக்கள் வந்து உடலைப் பையிலிட்டு எடுத்துச் சென்றன. லைபீரியாவின் தலைநகரில் 2014 ஆகஸ்டு முதல் எரியூட்டல் கட்டாயமாக்கப்பட்டது. விளைவாக, குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன. இரவில் இரகசியமாக அடக்கம் செய்தன. தொற்றைத் தடுக்கும் ஏற்பாடே தொற்றை மறைவுக்குள் தள்ளியது.

குடும்பங்களோடு அமர்ந்து பேசிய மானுடவியலாளர்கள் கொண்டுவந்த செய்தி, மக்கள் தொற்றைப் பற்றி அறியாதவர்கள் என்பதாக இருக்கவில்லை. உடல் எங்கே போயிற்று என்று தெரியாமல் போவதும், சடங்கின்றி அனுப்புவதால் இறந்தவருக்கும் இருப்பவருக்கும் நேரக்கூடியதும் அவர்களுக்கு நோயைவிடப் பெரிய அச்சமாக இருந்தன. பாதுகாப்பும் கண்ணியமும் கொண்ட அடக்க நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் 2014 நவம்பரில், அதாவது பரவல் உச்சத்தில் இருந்தபோதே, சமயத் தலைவர்களோடு கலந்து வெளியிட்டது. குடும்பத்தார் பாதுகாப்பான தொலைவில் நின்று பார்க்கவும், இறைவேண்டல் செய்யவும், இஸ்லாமியருக்கு நீரின்றிச் செய்யும் தூய்மைச் சடங்கும் அதில் இடம்பெற்றன. கையுறையும் கிருமிநாசினியும் மாறவில்லை. அவை வந்து சேர்ந்த விதம் மாறியது. ஓர் ஆண்டு காத்திருந்து எழுதிய அறிக்கையால் இது நடக்கவில்லை. களத்தில் கேட்டதை அன்றன்றே சுருக்கிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பியவர்களால் நடந்தது.

பணி முடிந்த பிறகு செய்வதற்கும் குறுகிய வடிவங்கள் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, செயல்பாட்டுக்குப் பிந்தைய மீளாய்வை அரை நாள் கலந்துரையாடலில் தொடங்கி, முக்கியத் தகவலாளர் நேர்காணல், பணிக்குழு முறை, கலப்பு முறை வரை விரித்துச் சொல்கிறது. பங்கேற்றவர்களே கூடிப் பேசும் மீளாய்வில் ஒரு குறையும் உண்டு. சிகிச்சை பெற்றவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. அவர்களையும் அழைத்த மீளாய்வுகளை நான் அதிகம் படித்ததில்லை.

கேள்வி: நேர்காணல்களைக் கணினி மென்பொருளில் இட்டால் ஆய்வு முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. பகுதிகளுக்குக் குறியிடவும், ஒரே குறி பெற்றவற்றைச் சேர்த்துப் பார்க்கவும் மென்பொருள் உதவும். "தாமதம்" என்ற சொல் நாற்பது முறை வந்தது என்று அது எண்ணித் தரும். சாலை உடைந்ததால் வந்த தாமதத்தையும், கையெழுத்துக்குக் காத்திருந்ததால் வந்த தாமதத்தையும் வேறுபடுத்துவது படிப்பவரின் வேலை.

கேள்வி: மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைப் படிக்கும் சாதாரண வாசகர், அது நம்பத்தக்கதா என்று எப்படிக் கண்டுகொள்வது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: முதலில் முறையியல் பகுதியைப் பாருங்கள். யாரை எப்படித் தேர்ந்தார்கள், மறுத்தவர் எத்தனை பேர், கேட்டவருக்கும் பணி செய்த அமைப்புக்கும் என்ன தொடர்பு, ஆய்வுக்குப் பணம் தந்தது யார் என்பவை அங்கே இல்லையென்றால் மீதியை ஐயத்தோடு படிக்கலாம். அடுத்து, மேற்கோள்களைக் கவனியுங்கள். ஒரே நபரின் நயமான பேச்சு ஐந்து இடங்களில் வருகிறதா, பலரின் குரல் வருகிறதா? எல்லா மேற்கோளும் ஒரே முடிவை நோக்கிச் சென்றால், ஒத்துவராத குரல்களை வெட்டியிருக்கிறார்கள் என்றே பொருள். நல்ல ஆய்வாளர் தம் முடிவுக்கு மாறான நேர்வைத் தேடிப்போய், அது ஏன் மாறுபட்டது என்று விளக்குவார்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உதவிக் குழு வகுத்த அளவுகோல்களான பொருத்தம், ஒத்திசைவு, பயனடைவு, செயல்திறன், விளைவு, நீடிப்பு ஆகிய ஆறையும் பல அறிக்கைகள் தலைப்புகளாக வைத்துக்கொள்கின்றன. ஒத்திசைவு 2019இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் அது இல்லாதது குறையில்லை. ஆறு தலைப்புகளையும் நிரப்பிவிட்டதாலேயே அறிக்கை நல்லதாகிவிடாது. கடைசியாக, பரிந்துரைகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லுங்கள். அது எந்த முடிவிலிருந்து வந்தது, அந்த முடிவு யார் யார் சொன்னதிலிருந்து வந்தது என்று தடம் பிடிக்க முடிகிறதா? "ஒருங்கிணைப்பை மேம்படுத்த வேண்டும்" என்று நின்றுவிடும் பரிந்துரைக்குத் தடம் இருக்காது. அதை எழுத எவரையும் நேர்காணல் செய்திருக்கவே வேண்டியதில்லை.